சாமை போட்டுப் பார்த்த தராசு

துப்பாக்கி கிளப்பின் தோட்டா அறை வேலைக்கு எனக்குப் பிறகு வந்த ரமேஷ், போன மாதம் என் கைப்பேசிக்கு மூன்று டிஜிட்டல் தராசுப் படங்களும் இரண்டு வெடிமருந்து கொட்டும் மிஷின் படங்களும் அனுப்பினார். கீழே, "அண்ணே, இதுல எத்த வாங்கலாம்? கமிட்டில உங்களக் கேட்டுச் சொல்லச் சொன்னாங்க. அப்படியே கிளப் மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று இருந்தது.

ஒரு பக்கமே அதிகம். தராசை அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கவேண்டாம். தட்டை வைத்து, எண்கள் நின்ற பிறகு, ஒரு பிடி சாமையிலிருந்து ஒவ்வொரு மணியாக, மெதுவாக, விட்டு விட்டுப் போடுங்கள். மூன்றாவது மணிக்கோ நான்காவது மணிக்கோ எண் மாறினால் அந்தத் தராசை வாங்கலாம். பத்து மணி போட்டும் அசையாமல் இருந்தால், எவ்வளவு பேர் பெற்ற தராசாக இருந்தாலும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கமிட்டிக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இது எனக்கு எப்படித் தெரியும், எப்போது தெரியும் என்பதையும் எழுதவேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு பக்கம் போதாது.

என் பெயர் பொன்னன். ஜமுனாமரத்தூருக்கு மேலே, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நாலு மைல் நடக்கிற ஊர். ஐந்தாவது வரை படித்தேன். நான்கு பேர் சேர்ந்து நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பேன். கிளப்பில் இருபத்து நான்கு வருஷம் இருந்தும் பல உறுப்பினர்களுக்கு என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில், கண் சரியில்லை என்று சொல்லி, நானாக வேலையை விட்டேன்.

கிளப் கணியம்பாடி பக்கம், மலை தரையைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது. முந்நூறு மீட்டர் தூரம் சுடுகிற ரைஃபிள் களத்துக்குப் பின்னால் தடுப்பு வேண்டும். அங்கே மலையே தடுப்பு. அந்தத் தூரத்துக்குக் கடைத் தோட்டா ஒன்றுபோல் ஒன்று போவதில்லை என்பதால், முறையான உரிமம் வாங்கி, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பி, போட்டிக்காரர்களுக்கென்று கிளப்பிலேயே தோட்டா தயாரிக்கிறார்கள். அந்த அறையில்தான் எனக்கு வேலை. புல் வெட்டுகிற ஆளாகப் போனேன். கை நடுங்காமல் வேலை செய்கிறான் என்று ஒருநாள் தேவராஜ் சார் என்னை உள்ளே அழைத்துக்கொண்டார்.

தேவராஜ் சார் பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்தவர். கிளப்புக்குப் பக்கத்து ஊர்க்காரர். தடித்த கண்ணாடி. யாரையும் பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். தப்பு நடந்தால் கையிலிருக்கும் பென்சிலை மேஜைமேல் படுக்க வைப்பார். அவ்வளவுதான். பென்சில் படுத்தால் அறையில் எல்லா வேலையும் நிற்கவேண்டும். தப்பு எது என்று நாமே கண்டுபிடிக்கிறவரை அவர் பேசமாட்டார்.

முதல் நாள் மருந்து அளக்க உட்கார்ந்தபோதே பென்சில் படுத்தது. எங்கள் மலையில் சாமை அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை. "லாபம்" என்போம். அடுத்துத்தான் ரெண்டு, மூணு. படியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, தானியம் அமுங்கிய பிறகு மேலும் கொஞ்சம் போட்டு அளப்போம். தட்டாமல் அளப்பவனைக் கஞ்சன் என்பார்கள். அந்தக் கைப்பழக்கத்தில், கைப்பிடியைத் திருப்பினால் அளவாக மருந்து விழுகிற பழைய கருவியை இரண்டு தட்டுத் தட்டி, "லாபம்" என்று சொல்லி முதல் அளவை இறக்கினேன்.

பென்சில் படுத்தது. எனக்கு எதுவும் புரியவில்லை. முதல் நாள் என்பதால் அவரே கேட்டார்.

"ஏம்பா தட்டின?"

"அமுங்கட்டும்னு சார்."

"அமுங்கினா அதே டம்ளர்ல ஜாஸ்தி புடிக்கும். அடுத்த வாட்டி தட்ட மறந்தா கம்மி புடிக்கும். அப்ப ரெண்டும் ஒரே தோட்டாவா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அப்புறம் அது இன்னா லாபம்?"

சொன்னேன். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன். "இங்க லாபமும் கெடையாது, நஷ்டமும் கெடையாது. எல்லாம் ஒன்னுபோல ஒன்னு. அதான் வேல."

பிறகு நான்கைந்து வருஷங்கள் கூடு துடைப்பது, அளப்பது, குண்டு பொருத்துவது என்று போயின. அவற்றை விரிக்க எதுவும் இல்லை. தராசைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்போது எங்களிடம் இருந்தது கோல் தராசு. ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் முனையில் ஒரு கோடு. அந்தக் கோடு எதிரே நிற்கிற கோட்டோடு நேராக வந்தால் எடை சரி. கிரெய்ன் என்ற அளவில் எடை பார்ப்போம். "அந்தக் காலத்துல ஒரு தானிய மணிய வெச்சிதான் அந்த அளவே வந்துச்சு, கிரெய்ன்னா தானியம்" என்று சார் சொல்லியிருந்தார். ஆனால் நாங்கள் பார்த்தது கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு. காலையில் வந்ததும் மின்விசிறியை நிறுத்துவார். சன்னலைச் சாத்துவார். சிறிய எடைக்கல்லை இடுக்கியால் எடுத்து வைத்துப் பார்ப்பார். கையால் தொட்டால் விரல் எண்ணெய் கல்லில் ஏறிவிடும் என்பார். பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை மறுபடி கல் வைத்துப் பார்க்கவேண்டும். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் திறந்திருக்கலாம். அளந்து முடித்ததும், கூடுகள் குழிகளில் நிற்கிற பலகையை விளக்கடியில் பிடித்து ஐம்பது கூட்டிலும் மருந்து மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எல்லாம் முடிந்ததும் பதிவுப் புத்தகத்தில் எழுதி நான் கையெழுத்துப் போடுவேன், பக்கத்தில் அவர் போடுவார். ஒரு பலகைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த அறையில் யாரும் பேசவேண்டியதில்லை.

நாற்பத்தைந்து வயது தாண்டியபோது கோடு இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில் விளக்கைக் குறை சொன்னேன். பிறகு தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். கடைசியில் கோட்டைப் பார்ப்பதை விட்டு, கோல் ஆடி நிற்கிற விதத்தை வைத்தே எடை சொல்லப் பழகிக்கொண்டேன். ஒரு கண்ணாடி போட்டிருந்தால் முடிந்திருக்கும். சாரே கண்ணாடி போட்டவர்தான். ஆனால் படித்தவர் கண்ணாடி போட்டால் வேலை நிலைக்கும், ஐந்தாவது படித்தவன் கண்ணாடி கேட்டால் கண் போனவன் என்று அனுப்பிவிடுவார்கள் என்று என் மனதில் இருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அப்போதைய செயலாளர் ஒரு டிஜிட்டல் தராசையும் மின்சாரத்தில் ஓடுகிற மருந்து கொட்டும் மிஷினையும் கொண்டுவந்தார். இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. எண்கள் நீல வெளிச்சத்தில் பெரிது பெரிதாக இருந்தன. அறையின் அந்தக் கோடியிலிருந்துகூட எனக்குத் தெரிந்தன. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

மிஷின் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் கம்மியாகக் கொட்டும். மிச்சத்தை, திருகினால் ஒவ்வொரு துகளாக விழுகிற சிறு குழாயால் தட்டில் போட்டுச் சரிசெய்யவேண்டும். நான்காம் நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மெதுவாகத் திருகும்போது துகள்கள் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, எண் மட்டும் அசைவதில்லை. என் சாப்பாட்டுப் பையில் சாருடைய வீட்டுக்கென்று கொண்டுவந்த சாமை இருந்தது. தானியம் என்று சார் சொன்னது நினைவுக்கு வந்து, அதில் ஒரு பிடி எடுத்தேன். காலித் தட்டில் ஒரு மணி போட்டேன். பத்து எண்ணும் நேரம் பொறுத்து அடுத்தது. பன்னிரண்டு மணி போட்டும் தராசு சைபரிலேயே நின்றது. தட்டைத் தூக்கிக் காலி செய்து, சைபருக்குக் கொண்டுவந்து, அதே பன்னிரண்டையும் ஒரேயடியாகப் போட்டேன். உடனே எண் ஏறியது. கோல் தராசிலோ மூன்றாவது மணிக்கே கோல் அசைந்தது.

காற்றில் ஆடுகிற சின்ன நடுக்கத்தைக் கணக்கில் எடுக்காதபடி அந்தத் தராசைச் செய்திருக்கிறார்கள். மெதுவாகச் சேரும் எடையையும் அது நடுக்கம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறது. மருந்தோடு இருக்கும்போதும் அப்படித்தான். எண் நின்ற இடத்திலேயே நிற்க, தட்டில் மருந்து ஏறிக்கொண்டே போகும். தட்டைத் தூக்கி மறுபடி வைத்தால்தான் உண்மையைச் சொல்லும்.

திரும்பிப் பார்த்தால் சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மறுபடி போடு" என்றார். போட்டேன். அன்று மாலை, "வர்ற ஞாயித்துக்கெழம கமிட்டி. நீயும் வா. நான் சொன்னா பழசப் புடிச்சிக்கினு தொங்குறேன்னுவாங்க. இத்த நீ செஞ்சி காட்டு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாமையை ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பதினோரு பேர் இருந்தார்கள். பாதிப் பேச்சு இங்கிலீஷில் நடந்தது. செயலாளர் தராசை மேஜை நடுவில் வைத்து, "ஒரு பலக இருவது நிமிஷம். முன்ன ஒரு மணி நேரம். இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார்.

தேவராஜ் சார், "வேகம் சரிங்க. பொன்னன் ஒன்னு பாத்திருக்கான், கேளுங்க. பொன்னா, காட்டு" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர், "அட, இவுரு பேசுவாரா?" என்றார். சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை.

கூச்சத்தில் பேசாமல் போனேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. பையிலிருந்த சாமைத் தாளை விரல் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த நேரத்தில் நான் நினைத்தது கோல் தராசின் கோட்டை. இந்தத் தராசு திரும்பிப் போனால் மறுபடி அந்தக் கோட்டைப் பார்க்கவேண்டும். என்றைக்காவது ஒருநாள் என் கண் அகப்பட்டுவிடும்.

"ரெண்டும் நல்லாதாங்க இருக்குது" என்றேன்.

தேவராஜ் சார் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து மேஜைமேல் படுக்க வைத்தார். அதன் அர்த்தம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

தராசை வாங்கிவிட்டார்கள். எனக்கென்று ஒரு வழி செய்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் கடைசித் துகள் விழுந்ததும் தட்டைத் தூக்கி மறுபடி வைத்துப் பார்ப்பேன். எடை கூடியிருந்தால் கொட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பேன். சாரும் அதைப் பார்த்தார். முன்னைப்போல என்னிடம் சாமை கேட்பதையும் நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம் ஒரு தவறும் நடக்கவில்லை. தராசுக்கும் எனக்கும் இடையே உள்ள விஷயம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

இப்போது சுமதியைப் பற்றிச் சொல்லவேண்டும். செங்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். இருபத்தெட்டு வயது. கிளப் துப்பாக்கி ஒன்றை அவர் பெயருக்கு ஒதுக்கியிருந்தார்கள். பயிற்சி முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனபிறகும் அவர் மட்டும் உட்கார்ந்து அந்தத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடமாட்டார். தோட்டா வாங்க வரும்போது, "அண்ணே, உங்க தோட்டா கண்ணு மூடிக்கினு போனாலும் ஒரே ஓட்டையில பூருது" என்பார். பெட்டியை நகர்த்தி வைப்பேன். அந்த வருஷம் மாநில அணிக்குத் தேர்வு எங்கள் களத்திலேயே நடந்தது. அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பு அந்த வருஷத்தோடு அவருக்கு முடிகிறது. இது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு வேறு ஊர் கிளப்காரர்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். செயலாளர் அவர்களைத் தோட்டா அறைக்குக் கூட்டிவந்தார். நான் சுமதிக்கான பலகையில் கடைசி வரிசையில் இருந்தேன். தேவராஜ் சார் வெளியே களத்தில் இருந்தார்.

"பாருங்க, எங்க ஆளு அஞ்சாவதுதான் படிச்சிருக்காரு. மிஷின் எல்லாத்தையும் பாத்துக்குது" என்றார் செயலாளர். நான் துகளைத் திருகி, வழக்கம்போலத் தட்டைத் தூக்கினேன்.

"அது இன்னாத்துக்கு?" என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

செயலாளர் சிரித்தார். "பழைய பழக்கம். தூக்கிப் பாக்கவே வேணாம் பொன்னா. அது மேல உனக்கு நம்பிக்கையே இல்லியா? அப்படியே ஊத்து."

ஏழு பேர் என் முதுகுக்குப் பின்னால். அடுத்த கூட்டுக்குத் தூக்கவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. சுமதிக்கான தோட்டா என்பதால் எண் சரியாக நிற்கவேண்டுமே என்று வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு துகளாக விட்டேன். வேகமாகப் போட்டிருந்தால்கூடத் தராசு கவனித்திருக்கும். அவர்கள் போகிறவரை ஒன்பது தோட்டா அப்படி முடிந்தது. போனபின் அந்த ஒன்பதையும் கொட்டித் திரும்ப எடை போட்டிருக்கலாம். பலகையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். மட்டம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. என் கண்ணுக்கு எல்லா மட்டமும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதை மறந்ததுபோல் இருந்துவிட்டேன். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். சார் வந்து என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டார்.

தேர்வு அன்று சித்திரை வெயில். எங்கள் அளவு ஏற்கெனவே மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பது. வெயிலில் தோட்டா சூடானால் அழுத்தம் இன்னும் கூடும். சுமதி படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் தாண்டியபோது மற்றவர்களைவிட நல்ல முன்னிலை. அவருடைய அப்பா புளியமரத்தடியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு வெடிச் சத்தம் மற்றவற்றைவிடக் கனமாக வந்தது. நான் தோட்டா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

துப்பாக்கியின் பின்பக்கத்தை அடைக்கிற போல்ட்டைத் தூக்க வரவில்லை. உள்ளங்கையால் அடித்துப் பார்த்தார். கூடு உள்ளே ஒட்டிக்கொண்டது. கையைத் தூக்கிக் காட்டினார். துப்பாக்கியை வாங்கி, முன்பக்கமிருந்து எண்ணெய் தடவிய கம்பியை விட்டுத் தட்டிக் கூட்டை வெளியே எடுத்தபோது போட்டி நேரம் முடிந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஒன்றுதான் நல்லது.

செயலாளர் டார்ச் அடித்து, தோட்டா உட்காருகிற சேம்பருக்குள் பார்த்தார். "சேம்பர்ல எண்ணெ. தொடைக்காம போட்டா இப்பிடிதான் ஒட்டிக்கும்" என்றார்.

"நான் தொடச்சன் சார். காலையில கூட தொடச்சன்."

"அப்ப தானா வந்துச்சா எண்ணெ?"

யாரோ ஒரு உறுப்பினர், "துப்பாக்கி தொடைக்கத் தெரியாதவங்களுக்கு ஸ்டேட் டீம் கேக்குதா?" என்றார். மரத்தடியில் இருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

தேவராஜ் சார் வெளியே எடுத்த கூட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து கூடினால் பித்தளை அங்கேதான் நசுங்கும். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"தராசு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"தட்டத் தூக்கிப் பாத்தியா? எல்லாத்துக்கும்?"

"பாத்தங்க."

அவர் கமிட்டியில் மருந்தின்மேல் தனக்குச் சந்தேகம் என்று சொல்லிப் பார்த்தாராம். ஆதாரம் கேட்டார்களாம். பதிவுப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சுமதியின் பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்கள் என்னிடம் வந்தன. கடைசி வரிசையில் நான்கு இருந்தன. கதவைச் சாத்தி, குண்டைக் கழற்றி, பரணிலிருந்த கோல் தராசை இறக்கி நிறுத்தேன். கோடு தெரியவில்லை. தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தும் தெரியவில்லை. கிட்டத்தில் பார்க்க சார் போடுகிற இன்னொரு கண்ணாடி மேஜை இழுப்பறையில் இருந்தது. அதை எடுத்து மாட்டினேன். கோடு ஒன்றே ஒன்றாக, கறுப்பாக, நின்றது. நான்கு தோட்டாவில் மூன்று கனம். அதில் ஒன்று, ஒரு கிரெய்னுக்கும் மேலே நாலு புள்ளி அதிகம்.

ஆதாரம் என் தட்டில் இருந்தது. கமிட்டி அறை இருபதடி தூரம். வீண் மருந்து கொட்டுவதற்குத் தண்ணீர் நிரப்பிய தொட்டி ஒன்று உண்டு. அதில் கொட்டினேன். கூடுகளைத் துடைத்து மற்றவற்றோடு கலந்து வைத்தேன். கண்ணாடியை இழுப்பறையில் இருந்த மாதிரியே வைத்தேன்.

அந்த வருஷக் கடைசியில் தேவராஜ் சார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். தராசு மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தட்டைத் தூக்காமல் விட்டதில்லை. ஜமுனாமரத்தூரில் கண் முகாம் போட்டபோது போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டேன். போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அன்று, அதே செயலாளர், "நல்லா இருக்குது பொன்னா, வாத்தியாரு மாதிரி" என்றார். அவ்வளவுதான். நான் இத்தனை வருஷம் பயந்தது இதற்குத்தான். நாலைந்து வருஷத்தில் கண்ணாடிக்கும் பிடிபடாதபடி கண் கெட்டபோது வேலையை விட்டேன்.

ரமேஷ் அனுப்பிய படங்களில் மூன்றாவது, அதே தராசுதான். நிறம் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபிறகு இரண்டு காரியம் செய்தேன்.

முதலில் தேவராஜ் சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "எத்தினி இருந்துச்சு?" என்றார்.

"ஒன்னு புள்ளி நாலுங்க சார்."

"புக்குல எழுதினியா?"

"இல்லீங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்து, மலையிலிருந்து பேருந்து பிடித்துச் செங்கம் போனேன். சுமதி அங்கே விதைக் கடை வைத்திருக்கிறார். கூட்டமாக இருந்தது. ஓரமாக நின்றேன்.

"உங்களுக்கு இன்னா வேணும்ணே?" என்று கேட்டவர், என்னை உற்றுப் பார்த்தார். "தோட்டா ரூம் அண்ணன்தான? கண்ணாடில அடையாளமே தெரில. வாங்க, உக்காருங்க. வூட்ல எல்லாரும் சௌக்கியமா?"

உட்காரவில்லை. ஆட்கள் இருக்கும்போதே சொல்ல ஆரம்பித்தேன். இல்லாவிட்டால் சொல்லாமலே திரும்பியிருப்பேன். சாமையில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் சொன்னேன். என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். உளுந்து விதை கேட்டு வந்தவர் ஒருவர் பையைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சுமதி அவருக்கு விதையை நிறுத்துப் போட்டு, பையைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். பிறகுதான் என்னிடம் வந்தார்.

"எங்கப்பா அதுக்கப்புறம் என்னாண்ட துப்பாக்கியப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்லண்ணே. கொல்லையில மம்பட்டிய கழுவாம வெச்சா மட்டும் சொல்லுவாரு, 'உனுக்கு எப்பவுமே இதே பழக்கம்'னு. போன வருஷம் செத்துப்போற வரைக்கும் அதான் சொன்னாரு."

நான் தரையைப் பார்த்தேன்.

"கீழ பாக்காதீங்க. எனக்கே ஒரு கட்டத்துல சந்தேகம் வந்துடுச்சு தெரியுமா? அன்னிக்குக் காலையில தொடச்சனா, முந்தின நாள் தொடச்சத நெனச்சிக்கினு இருக்கனான்னு. ராவெல்லாம் யோசிப்பன்."

"மன்னிச்சிடும்மா."

"அத்த அப்புறம் பாக்கலாம். மலருல எழுதச் சொல்லியிருக்காங்கன்னு சொன்னீங்களே, அதுல எழுதுங்க. தராசு, சாமை எல்லாம் எழுதுங்க, வேணாங்கல. ஆனா கடைசியா என் துப்பாக்கியப் பத்தி எழுதுங்க. என் பேரப் போட்டு, உங்க பேரப் போட்டு. அந்தக் கமிட்டி ஆளுங்க படிக்கணும்."

எழுதுகிறேன் என்றேன். அடுத்த ஆள் வந்து நிற்க, அவர் தராசுப் பக்கம் திரும்பிவிட்டார். நான் அங்கிருந்து வந்துவிட்டேன்.

கமிட்டியில் இருக்கிற பெரியவர்களுக்கு: புதுத் தராசு எதுவானாலும் சாமை போட்டுப் பாருங்கள். தோட்டா அறைக்கு வெளியாட்களைக் கூட்டிவராதீர்கள். ரமேஷ் ஏதாவது சொல்ல வந்து நின்றால், சிரிக்காமல் அவர் பேசுகிறவரை பொறுத்திருங்கள். பழைய பதிவுப் புத்தகத்தில் அந்தத் தேர்வுப் பலகைக்கு நான் போட்ட கையெழுத்துக்குக் கீழே இதைச் சேர்த்து எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்று சுமதியின் துப்பாக்கி சுத்தமாக இருந்தது. மருந்தை அதிகம் போட்டவன் நான். மிஞ்சியதை நிறுத்துப் பார்த்துத் தண்ணீரில் கொட்டியவனும் நான்.

பொன்னன், தோட்டா அறை.